ஒரு நாள் எடையை வைத்து முயற்சியைக் கைவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தை முடிந்து மாசி பிறந்துவிட்டால் எங்கள் காரைக்குடி வட்டாரத்தில் உடல் எடையைப் பற்றிய கவலை வீட்டுக்கு வீடு தொற்றிக்கொள்கிறது. மார்கழியில் பிள்ளையார் நோன்பு, அதையடுத்துப் பொங்கல், பிறகு தை முகூர்த்தங்கள் என்று பந்தியும் பலகாரமுமாக நாள்கள் கழிந்த பின், விடியற்காலையில் நடக்கத் தொடங்குவோரும், இரவுச் சோற்றை நிறுத்துவோரும், உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டிச் சேருவோரும் பெருகுகிறார்கள். பாராட்டத்தக்க முயற்சி இது. ஆனால் பங்குனி பிறப்பதற்குள் அவர்களில் பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். சோம்பல்தான் காரணம் என்று வீட்டிலுள்ளவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் அதை ஏற்பதற்கில்லை. எடை இயந்திரம் காட்டும் எண் நாளுக்கு நாள் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது உடலின் இயல்பு என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லி வைக்காததுதான் பெரிய காரணம் என்று கருதுகிறேன். தங்கள் நாளிதழின் வழியாக அதைச் சொல்ல இடம் கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

"நர்சம்மா, ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன். காலையில ஏறிப் பார்த்தா ஒன்றரைக் கிலோ கூடிக் கிடக்கு. இனிமே எதுக்கு நடக்கணும்?" என்று எங்கள் தெருவில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர் ஆச்சியாக இருந்தாலும், வங்கி வேலைக்குப் போகும் இளைஞராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது ஒரு கணக்கைத்தான். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் செலவாகும் ஆற்றலுக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். நடுத்தர வயதுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2,000 கலோரி என்று வைத்துக்கொண்டால், வழக்கமான உணவை உண்ட பிறகு அதற்கு மேலும் நான்கு நாள் உணவை ஒரே நாளில் உண்டிருந்தால்தான் மறுநாள் காலையில் ஒரு கிலோ கொழுப்பு கூடியிருக்க முடியும். எவ்வளவு பெரிய கல்யாணப் பந்தியிலும் அது நடப்பதில்லை. ஆகவே ஒரே இரவில் ஏறிய ஒன்றரைக் கிலோவில் கொழுப்பின் பங்கு மிகமிகச் சிறிது. மற்றதெல்லாம் தண்ணீரும், குடலில் இன்னும் செரித்துக்கொண்டிருக்கும் உணவும், வெளியேறாத மலமும்தான். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பெரிய செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு உடனே இயந்திரத்தில் ஏறினால், குடித்தது அப்படியே எண்ணில் தெரியும்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதிச் சாப்பாட்டில் அதன் பங்கு பெரிது. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றும் சாதாரண சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. இரத்தத்திலும் உடல் நீரிலும் உள்ள உப்பின் செறிவுக்கு ஏறத்தாழ இணையான அளவு அது. அந்தச் செறிவு மாறாமல் காப்பதில் நம் உடல் மிகக் கண்டிப்பாக இருக்கிறது. வழக்கத்தைவிட நான்கைந்து கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும் வரை, அதற்கு ஈடாக அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீரை உடல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தாகம் எடுக்கிறது, குடிக்கிறோம், குடித்தது தங்குகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உப்புக்கண்டமும், ஊறுகாயும், அப்பளமும், மோர்மிளகாயும், குழம்பும் மண்டியும் சேர்ந்து வரும் ஒரு விருந்து இலையில் அந்த வரம்பைத் தாண்டுவது மிக எளிது. விருந்துக்கு மறுநாள் மோதிரம் இறுகுவதும், கண்ணிமை உப்பியிருப்பதும், எடை கூடியிருப்பதும் ஒரே காரணத்தால்தான். சாப்பாடு வழக்கத்துக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் அந்த நீர் தானாகவே இறங்கிவிடும். உப்பைக் குறைப்பது எடை எண்ணுக்காக என்பதைவிட இரத்த அழுத்தத்துக்காகவே முக்கியம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சோற்றுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை ஈரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் இது ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னுடன் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்திருக்கும். சோறு, இட்லி, பணியாரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியவர்களுக்கு இந்தச் சேமிப்பு சில நாளில் கரைந்து, அதனுடன் இருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோவுக்கு மேல் இறங்குவது இதனால்தான். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது அவர்களுக்குத் தெரியாது. கொழுப்பே கரைந்துவிட்டதாக எண்ணி மகிழ்கிறார்கள். பிறகு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்க் கவுனி அரிசியும் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சாப்பிட்டுவிட்டு வந்தால், காலியாக இருந்த சேமிப்பு நிரம்பி, நீரும் சேர்ந்து, எடை திரும்பிவிடுகிறது. "ஒரே ஒரு வேளை சாப்பிட்டதற்கு இவ்வளவா" என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சிக்கும் இந்த அழுகைக்கும் அடிப்படை ஒரே தண்ணீர்தான் என்று முதல் நாளிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அவர்கள் இவ்வளவு துன்பப்பட்டிருக்க மாட்டார்கள். "ஒரே வாரத்தில் ஐந்து கிலோ" என்று சுவரொட்டி ஒட்டும் வணிகர்களுக்கு இந்த உண்மை நன்றாகவே உதவுகிறது. முதல் வாரத்து நீரைக் காட்டிப் பணம் வாங்கிவிட முடிகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நடந்தால் எடை உடனே குறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பலரை ஏமாற்றுகிறது. தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியுடன் நடந்து செல்லும் வழக்கம் எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. அத்தனை நாள் நடந்து திரும்பியவர்கள் எடை பார்த்துவிட்டு, கொஞ்சமும் குறையவில்லையே, சிலருக்குக் கூடியிருக்கிறதே என்று வியப்பது உண்டு. வழக்கமில்லாத உழைப்பில் தசை நார்களில் நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. அவற்றைச் சரிசெய்வதற்காக உடல் அங்கே நீரைச் சேர்க்கிறது. நாள் முழுவதும் நடந்த கால்களும் வீங்கியிருக்கும். வலி தீர்ந்து, வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால்தான் நடந்ததன் பலன் தெரியும். உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் இதுவே நேர்கிறது.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. அதை வெளிப்படையாகப் பேசத் தயங்குவதால் பலர் வீணாக வருந்துகிறார்கள். மாதவிடாய்க்கு முந்தைய சில நாள்களில் உடலில் நீர் தங்குவதால் அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை எடை கூடலாம். விலக்கு தொடங்கிய சில நாளில் அது இறங்கிவிடும். எனவே சென்ற வாரத்து எடையுடன் இந்த வாரத்து எடையை ஒப்பிடுவதைவிட, சென்ற மாதச் சுழற்சியின் அதே வாரத்துடன் ஒப்பிடுவதுதான் பெண்களுக்கு நியாயமானது. மலச்சிக்கல், தூக்கமில்லாத இரவு, நீண்ட பேருந்துப் பயணம் ஆகியவையும் எண்ணை மாற்றும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும், சர்க்கரை நோய்க்கான சில மருந்துகளும் எடையைக் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

நம் உடல் ஓயாமல் எடை மாறிக்கொண்டே இருப்பதை மனிதர்கள் அறிந்து நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தாலியில் பதுவா நகரத்து மருத்துவர் சாண்டோரியோ, தராசில் தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து, அதில் அமர்ந்தே உண்டு, உள்ளே போவதையும் வெளியேறுவதையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மூச்சிலும் தோலிலும் வெளியேறிவிடுகிறது என்று 1614ஆம் ஆண்டு அவர் எழுதி வெளியிட்டார். இரவில் படுக்கும்போது இருந்த எடை காலையில் எழும்போது இருப்பதில்லை என்பதை இன்று எந்த வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம்.

இனி, எடையைச் சரியாகப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். காலையில் எழுந்து, சிறுநீரும் மலமும் கழித்த பின், காப்பி கூடக் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரியான மெல்லிய உடையில், ஒரே இயந்திரத்தில் பார்க்க வேண்டும். இயந்திரத்தைப் பாயின் மீதோ விரிப்பின் மீதோ வைத்தால் எண் தவறும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை போன்ற கெட்டியான சமதளத்தில், எப்போதும் ஒரே இடத்தில் வைத்தால் போதும். இடுப்பில் சாவிக்கொத்து, பையில் கைப்பேசி, காலில் செருப்பு, ஒரு நாள் நூல் சேலை, மறுநாள் பட்டுச் சேலை என்று மாறினால் அதற்கே அரைக் கிலோ போய்விடும். வீட்டில் காலையில் பார்த்ததையும், மருந்துக் கடை வாசலில் மாலையில் பார்த்ததையும் ஒப்பிடுவது பயனற்றது.

இவ்வளவு ஒழுங்காகப் பார்த்தாலும் எண் ஏறி இறங்கத்தான் செய்யும். நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்கிற ஒருவருக்கு ஒரு நாளில் உண்மையாகக் கரையும் கொழுப்பு ஏறத்தாழ 65 கிராம். வீட்டில் நாம் வைத்திருக்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவை 100 கிராமுக்குக் குறைந்த மாற்றத்தைக் காட்டுவதே இல்லை. அதாவது, ஒரு நாள் உழைப்பின் பலன் அந்த இயந்திரத்தின் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. ஒரு நாள் தண்ணீரின் ஆட்டமோ அதைப்போலப் பத்து, இருபது மடங்கு பெரியது. நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்து உழைப்பை அளக்கவே முடியாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒருவருடைய ஒரு வாரத்துக் காலை எடை 72.4, 72.9, 73.3, 72.6, 72.1, 72.5, 72.0 என்றும், அடுத்த வாரத்தில் 72.2, 71.8, 72.7, 72.3, 71.9, 72.4, 71.6 என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தின் கடைசி நாளில் 72.0 பார்த்தவர், இரண்டாம் வாரத்தின் மூன்றாம் நாளில் 72.7 பார்த்ததும், "மூன்றே நாளில் 700 கிராம் ஏறிவிட்டது" என்று மனம் உடைந்துவிடுவார். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரச் சராசரி 72.5, இரண்டாம் வாரச் சராசரி 72.1. அவர் மனம் உடைந்த அதே வாரத்தில் 400 கிராம் குறைந்திருக்கிறார். வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டிக் குறைவது மிக நல்ல வேகம்.

எங்கள் பணியில் இந்தப் பாடம் புதிதன்று. பிறந்த குழந்தை முதல் சில நாளில் தன் எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை இழக்கும். பெரும்பாலும் அது நீர்தான். தாய்ப்பால் நன்றாகக் கிடைத்தால் பத்துப் பதினைந்து நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதைக் கண்டு பதறும் இளந்தாய்களிடம் இதைச் சொல்லித் தைரியம் கூறுவது எங்கள் அன்றாட வேலையாக இருந்தது. அங்கன்வாடியில் குழந்தையின் வளர்ச்சி அட்டையில் மாதந்தோறும் புள்ளி வைத்துக் கோடாக இணைப்பார்கள். ஒரு புள்ளி சற்றே மேலோ கீழோ போனால் யாரும் உடனே முடிவு கட்டுவதில்லை. கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் கூட அந்தக் கோட்டைச் சரியாகப் புரிந்துகொள்வதை நான் கண்டிருக்கிறேன். குழந்தைக்குக் காட்டும் அந்த நிதானத்தைப் பெரியவர்கள் தம் உடலுக்கும் காட்ட வேண்டும்.

தினமும் எடை பார்ப்பது எல்லோருக்கும் பொருந்தாது. எண்ணைப் பார்த்து அமைதியாகக் குறித்து வைக்க முடிந்தவர்கள் நாள்தோறும் பார்த்து வாரச் சராசரி எடுக்கலாம். பார்த்த உடனே அன்றைய காலை உணவை விட்டுவிடுபவர்கள், அல்லது இனி என்ன இருக்கிறது என்று அளவின்றி உண்பவர்கள், இயந்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவது நல்லது. இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை இஞ்சு டேப்பால் அளந்தாலே போதும். நம் நாட்டவர்க்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை வரம்பு. குறிப்பாக வளரும் பெண் பிள்ளைகளை உறவினர் கூடிய இடத்தில் இயந்திரத்தில் ஏற்றி எண்ணை உரக்கப் படிக்காதீர்கள் என்று பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு நாள் படித்ததற்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காலை உணவைத் தவிர்த்து, இரத்த சோகையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்ததைப் பார்த்தவள் நான்.

எண்ணைக் கட்டாயமாக இறக்க வேண்டும் என்று சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள். சிலர் மருத்துவர் சொல்லாமலே நீர் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். எங்கள் ஊர் வெயிலில் இரண்டுமே ஆபத்து. நீர் மாத்திரை கொழுப்பில் ஒரு கிராமைக் கூடக் கரைக்காது. பொட்டாசியம் குறைந்து, தலைசுற்றி, சிறுநீரகம் பாதிக்கப்படுவதுதான் மிச்சம்.

ஏற்ற இறக்கமெல்லாம் இயல்பு என்று நான் சொல்வதை நோயாளிகள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ எடை ஏறினாலும், கால் வீங்கினாலும், படுத்தால் மூச்சு வாங்கினாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு எடை திடீரென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். எந்த முயற்சியும் இல்லாமல் எடை தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். "இளைத்துவிட்டாய், நல்லதுதான்" என்று அதை வாழ்த்தக் கூடாது.

தங்களிடமும் அரசிடமும் எனக்கு வேண்டுகோள் உண்டு. எடை குறைத்தவர்களின் கதையை வெளியிடும்போது தொடக்க எடையையும் முடிவு எடையையும் மட்டும் அச்சிடாமல், இடையில் எந்தெந்த வாரங்களில் எண் நகராமல் நின்றது, எப்போது ஏறியது என்பதையும் கேட்டு எழுதுங்கள். படிப்பவர்களுக்கு அந்த வாரங்கள்தான் தேவைப்படுகின்றன. "வாரத்தில் ஐந்து கிலோ" வகை விளம்பரங்களை ஏற்பதற்கு முன் தங்கள் மருத்துவ ஆலோசகரிடம் ஒரு முறை காட்டுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து பெறுவோர் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வைத்திருக்கும் குறிப்பேட்டில், குழந்தைகளின் வளர்ச்சி அட்டையில் உள்ளது போன்ற ஒரு கட்டப் பக்கத்தை எடைக்காக அச்சிட்டுக் கொடுத்தால், மாதந்தோறும் ஒரு புள்ளி வைத்துக் கோட்டைக் காட்டிப் பேச எங்கள் இளம் செவிலியர்களுக்கு வசதியாக இருக்கும். கூடுதலாக ஆகும் செலவு ஒரு தாள் மட்டுமே. சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.